பள்ளிக்கரணைக் கண்காட்சியின் பொருட்கள் எங்கே போயின: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் சென்னையில் ஒளிப்படக் கலைஞர்கள் மூவரும், ஓவியர் ஒருவரும், பறவைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் பள்ளி ஆசிரியை ஒருவரும் சேர்ந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்த முடிவு செய்தார்கள். ஒருங்கிணைப்பு வேலைக்கு என்னை அழைத்தார்கள். பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். பட்டியலில் உள்ள பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்த நீர்நிலை, சாலைகளும் கட்டடங்களும் குப்பைக் கிடங்கும் வந்து இந்த அளவுக்குச் சுருங்கியது. அதைப் படங்களால் சொல்வதுதான் நோக்கம்.

முதல் கூட்டத்தில் வைக்கப்பட்ட திட்டம் நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். ஏப்ரல், மே விடுமுறையில் இருபது நாள். குளிர்சாதன வசதியுள்ள வாடகை அரங்கம். நான்கடிக்கு மூன்றடி அளவில் 40 படங்கள், வினைல் ஒட்டிய சன்போர்டில். வாசலிலும் மேடைக்குப் பின்னாலும் பிளெக்ஸ், சாலையோரத்தில் சில பேனர்கள், பிளைவுட் தடுப்புகள். திறப்பு விழாவுக்குப் பொன்னாடை, அக்ரிலிக் நினைவுப்பரிசு, பாட்டில் தண்ணீர், பேப்பர் கப்பில் டீ.

பட்டியலைப் படித்து முடித்ததும் ஆசிரியை கேட்டார்: "சார், கடைசி நாள் ராத்திரி இதெல்லாம் எங்க போகும்?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தென் சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடிக் கிடங்கு. அது அந்தச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழுந்த மேடு. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ பல நாட்கள் புகைந்ததை அறையில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒளிப்படக்காரர் ஒருவரின் படத் தொகுப்பில் அந்தப் புகையும் இருந்தது.

திட்டத்தை நிறுத்திவைத்து, முதலில் கணக்குப் பார்ப்போம் என்று முடிவானது.

கணக்குப் பார்த்தபோது தெரிந்தது

சன்போர்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிவிசி நுரைப் பலகை. 3 மி.மீ. தடிமனில் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். நாற்பது படங்களுக்கு 45 சதுர மீட்டர், அதாவது 70 கிலோ அளவுக்கு. பிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலையின் இரண்டு பக்கமும் பிவிசி பூசிய விரிப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று வைத்தால், கேட்டிருந்த பேனர்கள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ. ஆக, ஏறக்குறைய 90 கிலோ பிளாஸ்டிக்.

பிளெக்ஸில் வலையையும் பூச்சையும் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் மறுசுழற்சி செய்பவர்கள் பெரும்பாலும் அதை வாங்குவதில்லை. குடிசைக் கூரைக்கும், நெல் காயவைக்கவும், லாரிச் சரக்கை மூடவும் பயன்படுகிறது என்பது உண்மை. ஆனால் வெயிலில் ஓரிரு வருடத்தில் பொடிந்துவிடும். அதற்குப் பிறகு மண்ணில் கலக்கும், அல்லது எரிக்கப்படும். பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும், டயாக்சின் என்ற கொடிய நச்சுகளும் வரும்.

அதுவரை எல்லோருடைய கவனமும் பிளெக்ஸ் மேல்தான் இருந்தது. பிறகு அரங்கத்தின் மின்சாரத்தைக் கணக்கிட்டோம். இரண்டு டன் ஏசி ஆறு. கோடையில் ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட் இழுக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம், நடுவில் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தைக் கழித்தால் 90 யூனிட் என்று வைக்கலாம். இருபது நாளுக்கு 1,800 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக 1,260 கிலோ. 90 கிலோ பிவிசியைத் தயாரிப்பதில் வெளியாவது கிலோவுக்கு இரண்டு, மூன்று கிலோ என்று எடுத்தாலும் 270-ஐத் தாண்டாது. குளிர்சாதனத்தின் பங்கு ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்ட.

இதனால் பிளெக்ஸ் பரவாயில்லை என்று ஆகிவிடாது. காற்றில் கலக்கும் வாயுவும் கிடங்கில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் இரண்டு வேறு பாதிப்புகள். ஒன்றை இன்னொன்றால் கழிக்க முடியாது. ஆனால் துணி பேனர் கட்டிவிட்டு "பசுமைக் கண்காட்சி" என்று அறிவித்திருந்தால், பெரிய செலவு நடக்கும் இடத்தைத் தொடாமலே விட்டிருப்போம்.

வெளிநாட்டு அனுபவங்களையும் பார்த்தோம். 2020-இல் லண்டனில் கலைக்கூடங்கள் சேர்ந்து தொடங்கிய காலரி கிளைமேட் கோஅலிஷன், 2030-க்குள் உமிழ்வைக் குறைந்தது பாதியாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. அவர்களுடைய கணக்குகளில் முன்னால் நிற்பவை விமானச் சரக்கு, விமானப் பயணம், கட்டட மின்சாரம். அடுத்தபடியாகத்தான் மற்றவை. எங்கள் கண்காட்சி மிகச் சிறியது. ஆனாலும் அந்த வரிசை எங்களுக்கும் பொருந்தியது.

எடுத்த முடிவுகள்

முதலில் மாதத்தை மாற்றினோம். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாமல் இருபது நாள் மக்களை வரச்சொல்ல முடியாது. ஜனவரியில் பகல் உச்ச வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். எனவே பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடங்கி பிப்ரவரி முதல் வாரத்தில் முடிப்பது என்று வைத்தோம். மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால் பள்ளிகள் அதற்குமேல் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்று ஆசிரியை எச்சரித்திருந்தார். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பள்ளிக்கரணைக்கு வலசை வந்திருக்கும் காலம் அதுதான். படத்தில் பார்த்த பறவையை அந்த வாரமே நேரில் போய்ப் பார்க்கலாம்.

அடுத்து அரங்கம். ஏசி அரங்கத்தை விட்டுவிட்டு, உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் கொண்ட ஒரு பழைய கூடத்தை எடுத்தோம். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம். ஜன்னல்களில் கொசுவலை ஏற்கெனவே இருந்தது. மின்விசிறிகளும் எல்இடி விளக்குகளும் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு சிக்கல். பழைய நிலவரைபடம் ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் இரவல் தர முன்வந்திருந்தார். அறை முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பழந்தாளுக்கு அவர் பயப்படுவது நியாயம். பகலில் ஏசி போட்டு இரவில் அணைத்தால், ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கித் தாளை இன்னும் கெடுக்கும். நாங்கள் அவரிடம் சொன்னது இதுதான்: கூடம் முழுவதையும் குளிர்விப்பதற்குப் பதில், வரைபடம் இருக்கும் பெட்டியின் உள்ளே மட்டும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தலாம். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் ஏற்றிருக்கும் பிசோ பசுமை நெறிமுறையே பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தையும் 16 முதல் 25 டிகிரி வெப்பத்தையும் அனுமதிக்கிறது. வெப்பத்தில் எங்கள் கூடம் அந்த எல்லையைத் தாண்டும் என்பதையும் மறைக்கவில்லை. சில வாரங்களுக்கு, வெயில் படாத மூலையில், ஈரப்பதம் நிலையாக இருந்தால் போதும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

விளிம்புகள் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்றை ஒரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கினோம். அடித்தட்டில் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. பாக்கெட்டிலிருந்து எடுத்த ஜெல்லை அப்படியே போட்டால் தாளை அளவுக்கு மீறி உலர்த்திவிடும். அதனால் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்துப் பழக்கிய பிறகே பெட்டியில் வைத்தோம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. ஆரஞ்சு நிறம் வாங்கினோம்.

படங்களை எதில் அச்சிடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமக் காகிதக்கூடம் 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்யும் கைக்காகித மரபு பக்கத்திலேயே இருக்கும்போது அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று ஓவியர் வாதாடினார். சோதனை அச்சு எடுத்துப் பார்த்தோம். மேல்பூச்சு இல்லாத கைக்காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும். வானமும் கோரைப்புல்லும் மனிதர்களின் முகமும் அதில் அழகாக வந்தன. பறவைகள் மங்கின. நாமக்கோழியின் நெற்றிவெள்ளை சாம்பலாகத் தெரிந்தது. பறவைப் படக்காரர், "சுற்றுச்சூழலுக்காக என் படத்தைக் கெடுக்கச் சொல்றீங்களா?" என்று நேராகவே கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பறவை தெரியாவிட்டால் பறவையைப் பற்றிய கண்காட்சிக்கு என்ன அர்த்தம்? எனவே பறவைப் படங்கள் மட்டும் பூச்சிட்ட பருத்தித் தாளில், மற்றவை கைக்காகிதத்தில் என்று பிரித்தோம். கைக்காகிதத்தின் வழக்கமான தாள் 22-க்கு 30 அங்குலம்தான் என்பதால் படங்களின் அளவும் குறைந்தது. எண்ணிக்கையை 40-லிருந்து 28 ஆக்கினோம். பலகை இல்லை, கண்ணாடி இல்லை. மேலும் கீழும் மெல்லிய ரீப்பர் மரம், நூல் கட்டித் தொங்கவிட்டோம். கலைஞர்களில் ஒருவர் பெங்களூருக்குக் குடிபோயிருந்தார். சட்டமிட்ட படங்களைக் கூரியரில் அனுப்பாமல் கோப்புகளை அனுப்பச் சொல்லி இங்கேயே அச்சிட்டோம்.

நான்கு பெரிய காட்சிகளைத் துணியில் போட விரும்பினோம். இந்த இடத்தில் வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். "சுற்றுச்சூழலுக்கு உகந்த துணி பேனர்", "கேன்வாஸ்" என்று அச்சகங்கள் காட்டுவதில் பெரும்பாலானவை பாலியஸ்டர், அல்லது பாலியஸ்டர் கலந்தவை. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். முதலில் வந்த மூன்று மாதிரிகளும் உருகின. கடைசியில் காடாத்துணியை நாங்களே வாங்கிக்கொடுத்து, துணியில் அச்சிடும் வேறொருவரிடம் வேலை தந்தோம்.

விளக்கப் பலகைகளுக்கும் வாசல் பெயருக்கும் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பிளெக்ஸ் வந்தபிறகு வீட்டுக் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். காடாத்துணியைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, துணியில எழுதணும்னா முதல்ல கஞ்சி போட்டு இறுக்கணும். இல்லேன்னா பிரஷ் ஓடாது, எழுத்து பரவிடும்" என்றார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் போடுவது வழக்கம். மயில்துத்தம் தாமிர உப்பு, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. துணியைத் துவைக்கும்போது அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக எங்கே போகும் என்று யோசித்து, படிகாரம் மட்டும் போடச் சொன்னோம். பிளெக்ஸ் சதுர அடி பத்து, பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது கையெழுத்து வேலை பல மடங்கு. அந்தப் பணம் ஒரு கைத்தொழிலுக்குப் போகிறது என்பதைக் குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை.

தடுப்புகளுக்குப் பிளைவுட் வேண்டாம் என்றோம். பந்தல் காண்டிராக்டரிடம் சவுக்குக் கட்டைகளை வாடகைக்கு எடுத்துக் கயிறு கட்டி நிறுத்தினோம். மறுநாள் வேறொரு கல்யாணத்துக்குப் போகும் கட்டைகள் அவை.

சாலையோர பேனரை முற்றிலும் விட்டுவிட்டோம். 2019 செப்டம்பரில் சாலை நடுவில் வைத்த பேனர் விழுந்து, வண்டியில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தது இதே பள்ளிக்கரணைப் பக்கத்தில்தான். இதற்குமேல் அதைப் பற்றி விவாதிக்கத் தேவை இருக்கவில்லை. ஆதரவு தந்த நிறுவனம் மேடையில் தங்கள் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றது. மரப்பலகையில் கையால் எழுதித் தருகிறோம் என்று மாதிரி காட்டியதும் சம்மதித்தார்கள்.

திறப்பு விழாவில் பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு. நினைவுப்பரிசுக்குப் பதில் ஒரு கைக்காகித அச்சு. டீக்கும் தண்ணீருக்கும் வாடகை சில்வர் டம்ளர். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், துணிபோலத் தோன்றும் நான்-ஓவன் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கின்றன. நான்-ஓவன் என்பது பாலிபுரொப்பிலீன் என்று தெரியாமல்தான் பலர் இன்னும் கொடுக்கிறார்கள்.

எல்லா முடிவுகளுக்கும் அடியில் ஒரே ஒரு விதி இருந்தது. கொள்முதல் நோட்டில் விலைக்குப் பக்கத்தில் "பிறகு யாருக்கு" என்று ஒரு பத்தி போட்டோம். அதில் ஒரு ஆளின் பெயரோ இடமோ எழுதாமல் எதையும் வாங்கக் கூடாது. "மறுசுழற்சிக்கு" என்று எழுதினால் ஏற்கவில்லை. யார் எடுத்துக்கொள்வார் என்று கேட்டு, போன் செய்து உறுதி செய்த பிறகே எழுதினோம். நினைத்ததைவிட இது கடினமான வேலை. பாதிப் பொருட்கள் வாங்கப்படாமலே போனதற்கு இந்தப் பத்திதான் காரணம்.

கண்காட்சி நாட்களில்

கூடம் பகலில் வசதியாகவே இருந்தது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் நிறைந்தபோது மட்டும் புழுக்கம் இருந்தது. வயதானவர்களுக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டோம். வரைபடப் பெட்டிக்குள் ஈரப்பதம் 50-ஐ ஒட்டியே நின்றது. வெளியே விடியற்காலையில் 80-ஐத் தாண்டியது.

அந்த விடியற்காலை ஈரம் துணிகளைத்தான் பாதித்தது. பெரிய துணிப்படங்கள் நடுவில் தொய்ந்தன. கீழ் ரீப்பரில் மணல் பைகளைக் கட்டி எடை ஏற்றியதும் ஓரளவு சரியானது. கைக்காகிதங்கள் ஓரத்தில் லேசாக வளைந்தன. அது பலருக்குப் பிடித்திருந்தது, பறவைப் படக்காரருக்குப் பிடிக்கவில்லை.

மயில்துத்தம் போடாததற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில் கரப்பான்பூச்சிகள் கஞ்சி வாசத்துக்கு வந்து மூன்று விளக்கத் துணிகளின் ஓரத்தை அரித்துவிட்டன. ஆர்ட்டிஸ்ட் வந்து திருத்தி எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு இரவில் துணிகளைக் கழற்றி மூடி வைத்தோம்.

கட்டமைப்பு வேலையில் ஒரு விலகல் நடந்தது. எல்லாம் கயிற்றுக்கட்டு என்று பேசியிருந்தோம். கூடம் எங்கள் கைக்குக் கிடைத்ததோ திறப்புக்கு இரண்டு நாள் முன்புதான். கடைசி இரவில் வேலையாட்கள் பிளாஸ்டிக் கேபிள் டைகளுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கயிறு கட்ட நேரம் வேண்டும், அந்த நேரத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்த நாட்களில் ஆசிரியை வாசலிலேயே கொள்முதல் நோட்டை விரித்து வைத்தார். கொஞ்சம் தயங்கித்தான் ஒப்புக்கொண்டோம். ஆனால் பிள்ளைகள் படங்களுக்கு இணையாக அதை நின்று படித்தார்கள். ஒரு சிறுமி "இந்தக் கயிறு யாருக்குப் போகும்?" என்று ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிரித்தபின்

சவுக்குக் கட்டையும் டம்ளர்களும் மறுநாள் காலை திரும்பின. துணிப்படங்கள் நான்கும் பேசிவைத்தபடி இரண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போயின. கைக்காகிதப் படங்களில் சதுப்பு நிலத்தை ஒட்டி வாழும் மனிதர்களின் முகங்கள் இருந்தன. அவற்றைப் படத்தில் இருப்பவர்களிடமே கொடுப்பது என்று முதலிலேயே எழுதியிருந்தோம், கொடுத்தோம். ஒரு பாட்டி தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிசா எங்கே மாட்டுவது என்று கேட்டார். ரீப்பரோடு கொடுத்ததால் ஆணி ஒன்று போதுமாக இருந்தது. பறவைப் படங்கள் சுருட்டி வைக்கப்பட்டு, பள்ளிகள் கேட்கும்போது சுற்றுக்குப் போகின்றன. ஆதரவாளர் பெயர்ப்பலகைக்கு ஆர்ட்டிஸ்ட் வெள்ளையடித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

குப்பையாக மிஞ்சியது ஒரு சாக்கு: வெட்டிய கேபிள் டைகள், இருபக்க டேப், பருத்தித் தாள் வந்த பிளாஸ்டிக் உறை, பார்வையாளர்கள் விட்டுப்போன பாட்டில்கள். பாட்டில்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மற்றவை மாநகராட்சித் தொட்டிக்குத்தான் போயின.

செலவு முதல் மதிப்பீட்டைவிடச் சற்றுக் கூடியது. கையெழுத்து வேலையும் தாளும் கூட்டியதை, ஏசி அரங்க வாடகையிலும் பிளைவுட்டிலும் மிச்சமானது பெருமளவு ஈடு செய்தது.

அடுத்த முறை மாற்றப்போவது

கூடத்தைக் குறைந்தது நான்கு நாள் முன்னதாகவே எடுக்க வேண்டும். வாடகை கூடும். கேபிள் டையும் டேப்பும் நேரப் பற்றாக்குறையால் உள்ளே வந்தவை என்பதால் அந்த வாடகையைக் கொடுப்பதில் தயக்கம் இல்லை. கட்டுமானக் குழுவைத் திட்டக் கூட்டத்திலேயே உட்காரவைக்கவும் முடிவு செய்திருக்கிறோம். "பிறகு யாருக்கு" பத்தியை அவர்கள் முதல் முறை பார்த்தது வேலை தொடங்கிய அன்றுதான்.

விளக்க எழுத்துகளுக்குக் கஞ்சித் துணியை விட்டு, சுண்ணாம்பு அடித்த மரப்பலகையைச் சோதிக்கிறோம். பூச்சி வராது, மறுபடி வெள்ளையடித்து எழுதலாம். எடை அதிகம் என்பதால் சவுக்குக் கட்டை தாங்குமா என்று பந்தல்காரரிடம் கேட்டிருக்கிறோம். பெரிய துணிப்படங்களுக்கு இன்னும் தடித்த நெசவில் காடா தேவைப்படும். மணல் பைகளை மறைக்க அடிப்பகுதியில் மடித்துத் தைத்த பை வைக்கலாம் என்கிறார் ஓவியர்.

பார்வையாளர்கள் எப்படி வந்தார்கள் என்பதை இந்த முறை பதிவு செய்யவில்லை. இருபது நாளில் வந்துபோன கார்களின் பெட்ரோல், மின்விசிறியும் விளக்கும் எடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த முறை வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ரயில், பஸ், பைக், கார் என்று ஒரு பத்தி இருக்கும். அழைப்பிதழில் கார் நிறுத்துமிடத்துக்குப் பதில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் வழி அச்சாகும். பள்ளிகள் தனித்தனி பஸ்ஸில் வருவதைக் குறைக்க, பறவைப் படச் சுருளையே பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டோம். முதல் சுற்று பெருங்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் நடந்துகொண்டிருக்கிறது.